டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்

அந்த ஊரில் அவருடைய பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. சீட்டு டீச்சர் என்று கேட்டால் பேருந்து நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர்கூட வழி சொல்வார். புதிதாகக் குடி வந்தவர்கள், மாதச் சீட்டு பிடிக்கிற அம்மாள் போலிருக்கிறது, நமக்கெதற்கு வம்பு என்று ஒதுங்கிப் போனதும் உண்டு. விஷயம் தெரிந்த பிறகு அவர்களே பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பார்கள்.

பெரிய நகரத்தில் அரசாங்கமே நடத்துகிற விடுதிப் பள்ளி ஒன்று இருந்தது. சாப்பாடு, துணி, புத்தகம், படுக்கை எல்லாம் இலவசம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும், அதுவும் ஒரே ஒரு தடவை மட்டும் அதற்கு நுழைவுத் தேர்வு எழுதலாம். அதில் இடம், ஊர்ப் பேச்சில் சீட்டு, கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆனால் இந்தச் சின்ன ஊரின் அரசுப் பள்ளியிலிருந்து வருஷம் தவறாமல் இரண்டு மூன்று பிள்ளைகள் அந்தக் கொம்பைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார்கள். அதற்குக் காரணம் தலைமையாசிரியையும் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையுமான சீட்டு டீச்சர்.

டீச்சர் அதற்கென்று ஒரு வழக்கம் வைத்திருந்தார். எந்தப் பிள்ளை தேறும் என்று அவருக்குப் படுகிறதோ அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு, விண்ணப்பம் அனுப்புகிற காலத்தில், ஒரு சாயங்காலம் தாமே நடந்து போவார். நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டார். “பிள்ளையை எழுத வைக்கலாம்” என்பார். அவ்வளவுதான் பேச்சு. அவர் வந்துவிட்டுப் போன வீட்டில் அன்றைக்கே பெட்டி வாங்குகிற யோசனை ஆரம்பித்துவிடும். அவர் வராத வீட்டில் யாரும் சண்டைக்கு வருவதில்லை. நம்ம பிள்ளைக்கு அந்த அளவுக்கு இல்லை போல, டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். இத்தனை வருஷத்தில் அவர் வாக்கு பொய்த்ததே இல்லை. தலைக்கனம் இல்லாதவர் என்று ஊரில் பேர். உள்ளுக்குள் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது. இருக்காதா பின்னே?

இதில் ஒரு கோளாறு இருந்தது. விடுதிப் பள்ளி தனக்கு வேண்டிய பிள்ளைகளை அரையாண்டு விடுமுறை முடிந்ததுமே எடுத்துக்கொண்டுவிடும். ஆண்டுத் தேர்வில் அவர்கள் வாங்குகிற மதிப்பெண் அந்தப் பள்ளியின் பேரில் போய்ச் சேரும். இங்கே மிஞ்சியவர்கள் எழுதியதை வைத்து இந்தப் பள்ளியின் தரத்தைக் கணக்குப் போடுவார்கள். பாலாடையை எடுத்து வருஷா வருஷம் அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டு, நம் வீட்டுப் பால் ஏன் இப்படி நீர்த்திருக்கிறது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது? டீச்சர் அந்தக் கோணத்தில் யோசித்ததே இல்லை. அனுப்பிய பிள்ளைகளின் புகைப்படங்களைத் தம் அறைச் சுவரில் மாட்டி, வாரம் ஒரு முறை தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

ஊர் யோசித்தது. அரசுப் பள்ளி ரிசல்ட் வர வர மோசம் என்று ஜனங்கள் பேச ஆரம்பித்தார்கள். நெடுஞ்சாலை ஓரத்தில் புதிதாக வந்த தனியார் பள்ளி ஒரு மஞ்சள் வேனை விட்டது. அந்த வேன் காலையில் ஊரைச் சுற்றிப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு, வேண்டுமென்றே செய்கிற மாதிரி அரசுப் பள்ளி வாசலில் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போகும். வகுப்பறைகளில் பாதியைப் பூட்டியாயிற்று. ஒன்றில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்தார்கள். மூன்றாம் வகுப்பையும் நான்காம் வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்து, சின்ன வாத்தியார் என்று எல்லோரும் கூப்பிடுகிற அந்த இன்னொரு ஆசிரியர் இந்தப் பக்கம் பாதி நேரமும் அந்தப் பக்கம் பாதி நேரமும் திரும்பிப் பாடம் நடத்தினார்.

அந்த வருஷத் தொடக்கத்தில் கல்வி அதிகாரி வந்தார். அதட்டுகிற ஆளாக இருந்தால் டீச்சரும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பார். அவரோ தன்மையான மனிதர்.

“டீச்சர், மேல ரெண்டு விஷயம்தான் பார்ப்பாங்க. எத்தனை பிள்ளைங்க படிக்குது, எப்படிப் படிக்குது. எண்ணிக்கை படுத்துப் போச்சு. அதை ஒரு வருஷத்துல நிமிர்த்த முடியாது, எனக்குத் தெரியும். ஆனா ஆண்டுத் தேர்வுல வட்டாரத்துலயே முதல் மார்க் உங்க பிள்ளைன்னு ஒரு வரி கிடைச்சாப் போதும், அதைப் பிடிச்சுக்கிட்டு நான் வாதாடுவேன். அப்படிப்பட்ட பள்ளிக்கூடத்தை மூட யாரும் துணிஞ்சு கையெழுத்துப் போட மாட்டாங்க.”

“இல்லேன்னா?”

“ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கற ஸ்கூலோட சேர்த்துடுவாங்க. அப்புறம் என் கையில ஒண்ணும் இல்லை.”

அடுத்த வாரம் டீச்சரும் சின்ன வாத்தியாரும் பிள்ளை பிடிக்கக் கிளம்பினார்கள். இரும்புக் கடைக்காரரைப் பார்க்க அவர் கடைக்குத்தான் முதலில் போனார்கள். அவருடைய மூத்த மகள் டீச்சர் அனுப்பி விடுதிப் பள்ளியில் படித்து, இன்றைக்கு எங்கேயோ கண் மருத்துவம் படித்துக்கொண்டிருக்கிறாள். இளையவன் மஞ்சள் வேனில் போகிறான். அவர் டீ வரவழைத்துக் கொடுத்தார். மகளின் பெருமையைப் பேசினார். பையனைப் பற்றி ஆரம்பித்ததும் கல்லாப் பெட்டியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

“மூத்தவளுக்கு நீங்க கொடுத்ததை நாங்க மறக்க மாட்டோம் டீச்சர். ஆனா சின்னவனுக்கு அவ்வளவு மண்டை கிடையாது. நல்லாப் படிக்கற பிள்ளைங்களை நீங்களே பொறுக்கி அனுப்பிடறீங்க. மிச்சம் மீதியோட கொண்டுபோய் இவனை உட்கார வைக்கச் சொல்றீங்களா? தப்பா எடுத்துக்காதீங்க.”

தெருவுக்கு வந்த பிறகு சின்ன வாத்தியார் மெல்ல, “அவர் சொல்றதுலயும்…” என்று இழுத்தார்.

“தெரியுது தம்பி” என்றார் டீச்சர்.

அவருக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பள்ளிக்கூடத்தைக் காலி செய்தது மஞ்சள் வேன் என்று இதுநாள் வரை வைதுகொண்டிருந்தார். மிச்சம் மீதி என்ற சொல்லை இரும்புக் கடைக்காரர் கண்டுபிடிக்கவில்லை. போகாத வீட்டு வாசல்களில் எல்லாம் டீச்சர் பேசாமலேயே அதைச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அன்றைக்கு அதற்கு மேல் எந்த வீட்டுக்கும் போக அவருக்குக் கால் வரவில்லை.

அந்த வருஷம் ஐந்தாம் வகுப்பில் சில்லு இருந்தாள். ஆள் சில்லு மாதிரி துளியூண்டு, அதனால் அந்தப் பேர். குரல் மட்டும் ஊருக்கே கேட்கும். அம்மா பேருந்து நிலையத்துக்கு எதிரில் இஸ்திரிக் கடை வைத்திருந்தாள். அப்பா தூர தேசத்துக்கு லாரி ஓட்டுகிறவர், வந்தால் உண்டு. டீச்சர் கணக்கைப் பலகையில் எழுதி முடிப்பதற்குள் சில்லு விடையைச் சொல்லிவிடுவாள். “வாயை மூடிக்கிட்டு இருடி, மத்தவங்களும் யோசிக்கட்டும்” என்று டீச்சர் அதட்டினால், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு, விடை உள்ளே கொதிக்கிறது என்கிற மாதிரி கண்ணை உருட்டுவாள். இத்தனை வருஷத்தில் டீச்சர் அனுப்பியவர்களில் எவரும் இவள் பக்கத்தில்கூட வர முடியாது. இது டீச்சருக்குச் சந்தேகமில்லாமல் தெரியும். பள்ளி விட்ட பிறகு அவளை மட்டும் உட்கார வைத்து விடுதிப் பள்ளியின் பழைய கேள்வித்தாள்களைக் கொடுத்துப் பழக்கிக்கொண்டிருந்தார். சில்லு அதைக் கடலை கொறிக்கிற மாதிரி கொறித்துத் தள்ளினாள்.

விண்ணப்பம் அனுப்புகிற காலம் வந்தது. டீச்சர் இஸ்திரிக் கடைப் பக்கம் போகவில்லை.

போகக் கூடாது என்று அவர் தீர்மானம் போட்டதாகவும் சொல்ல முடியாது. இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒவ்வொரு நாளாகத் தள்ளினார். சில்லு இங்கேயே ஆண்டுத் தேர்வு எழுதினால் வட்டாரத்தில் முதல் மார்க் அவளுக்குத்தான், அதில் மாற்றுப் பேச்சே இல்லை. ஒரு பிள்ளை இருந்துவிட்டால் ஒரு பள்ளிக்கூடம் பிழைக்கும், அதில் இனிமேல் வரப்போகிற பிள்ளைகளும் பிழைப்பார்கள். சில்லு கெட்டிக்காரி, எங்கே போட்டாலும் முளைத்துவிடுவாள். இப்படி நியாயம் ஒன்றன் பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. நியாயம் அவ்வளவு தாராளமாகக் கிடைக்கிறபோதே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

பேருந்து நிலையத்தைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். கடைசி நாளுக்கு முந்தின சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டதால் குறுக்கு வழியில் வர வேண்டியதாயிற்று. இஸ்திரிக்காரம்மா பார்த்துவிட்டாள்.

“டீச்சர், உள்ள வாங்க, நனையறீங்க.”

அலமாரி அளவுக்குத்தான் கடை. மேலே கம்பியில் தேய்த்த சட்டைகள் வரிசையாகத் தொங்கின. மேஜைமேல் விரித்திருந்த போர்வை சூட்டில் பழுப்பேறியிருந்தது. அம்மா துண்டால் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். டீச்சர் உட்கார்ந்துவிட்டார். எந்த வீட்டிலும் உட்காராதவர் உட்கார்ந்ததும் அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

“நாளையோட முடியுதாமே. நீங்க வருவீங்க வருவீங்கன்னு இவ தெருவையே பார்த்துக்கிட்டு இருக்கா. அவங்க அப்பாகிட்ட போன்ல பெட்டிகூட சொல்லி வச்சிருக்கா, பூப் போட்டது. எழுத வைக்கலாமா டீச்சர்?”

மழை நின்றிருந்தால் எழுந்து போயிருக்கலாம். பார்க்கலாம் என்று சொல்லி மழுப்பவும் வழியில்லை, நாளைக்கு ஒரு நாள்தான் பாக்கி. டீச்சர் தம் ஈரச் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அவளுக்கு அது ஒத்து வராதும்மா. அங்க போனாத் திணறிடுவா. நல்ல பிள்ளைதான், இல்லேங்கல. ஆனா அந்த அளவுக்கு இல்லை.”

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் டீச்சர். நாங்களாத்தான் ஆசையை வளர்த்துக்கிட்டோம். முன்னாடியே சொன்னீங்களே, அதுவே பெரிசு. எழுதிட்டுக் கிடைக்காம நொந்து போறதுக்கு இது தேவலை.”

தொங்கிய சட்டைகளுக்குப் பின்னால் ஏதோ அசைந்தது. அங்கே தரையில் உட்கார்ந்து சில்லு கைக்குட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். அழவில்லை. மடித்த கைக்குட்டையைப் பிரித்து, ஓரம் சரியாக இல்லை என்பதுபோல் மறுபடி மடித்தாள்.

அன்று இரவு டீச்சர் விண்ணப்பத் தாள் ஒன்றை எடுத்துப் பைக்குள் வைத்தார். காலையில் எழுந்ததும் ஓடிப்போய்ச் சொல்லிவிடலாம், இன்னும் ஒரு நாள் இருக்கிறது என்று நினைத்தார். காலையில் பள்ளி வாசலில் மஞ்சள் வேன் ஹாரன் அடித்தது. அவர் போகவில்லை. அந்த நாளும் போயிற்று.

அதற்குப் பிறகு சில்லு மாறிப்போனாள். ஒன்றும் தகராறு செய்யவில்லை, சொன்னதைச் செய்தாள், வீட்டுப் பாடம் சுத்தமாக எழுதினாள். ஆனால் விடை கத்துவது நின்றுவிட்டது. ஒவ்வொரு வரி எழுதியதும் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, “இது சரியா டீச்சர்?” என்று கேட்டாள். சரி என்றால் போய் அடுத்த வரி எழுதிவிட்டு மறுபடி வருவாள். முதலில் டீச்சர், பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று தம்மையே தேற்றிக்கொண்டார். பிறகு பயம் வந்தது. “பிரமாதம், உன்னை மாதிரி யாரும் போட முடியாது” என்று தட்டிக்கொடுத்தார். காய்ச்சல்காரப் பிள்ளையிடம் நாளைக்கே எழுந்து விளையாடுவாய் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அதைக் கேட்கிற மாதிரி சில்லு தலையாட்டினாள்.

ஆண்டுத் தேர்வுக்கு வேறு பள்ளியிலிருந்து ஒருவர் கண்காணிக்க வந்திருந்தார். தலைமையாசிரியை என்ற முறையில் டீச்சர் அறையை ஒரு சுற்று சுற்றி வரலாம். பேசக் கூடாது. கணக்குத் தேர்வன்று அவர் சில்லுவின் பெஞ்சுப் பக்கம் வந்தபோது, அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டுகிற கணக்கு போய்க்கொண்டிருந்தது. ஆறில் ஐந்து என்று எழுதியிருந்தாள். சரியான விடை. டீச்சர் நகரப் போனார். சில்லு எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஸ்கேலை வைத்து அதன்மேல் நேராக ஒரு கோடு அடித்துவிட்டு, கீழே ஐந்தில் இரண்டு என்று எழுதினாள். கணக்கே வராத பிள்ளைகள், மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டி வைத்து எழுதுகிற விடை அது. அந்த அளவுக்கு இல்லாத பிள்ளைக்கு ஆறில் ஐந்து எப்படி வரும் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். ஒரு இருமல் இருமினால்கூட அவள் நிமிர்ந்து பார்ப்பாள். கண்காணிப்பாளர் பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தார்.

முதல் மார்க் வேறு எந்த ஊருக்கோ போயிற்று. சில்லு முதல் நூறு பேரில்கூட இல்லை. கல்வி அதிகாரி நேரில் வந்து சொன்னார்.

“அந்தப் பொண்ணோட பேப்பரை வாங்கிப் பார்த்தேன் டீச்சர். அடிச்சு அடிச்சுத் திருத்தியிருக்கா. அடிச்சதெல்லாம் சரி, திருத்தினதெல்லாம் தப்பு. என்ன ஆச்சு அதுக்கு?”

டீச்சர் சுவரில் இருந்த புகைப்படங்களைப் பார்த்தார். நடந்ததைச் சொல்லியிருந்தாலும் அந்த மனிதரால் என்ன செய்திருக்க முடியும்?

விடுமுறையில் ஒரு டிராக்டர் வந்து பெஞ்சுகளை ஏற்றிக்கொண்டு போயிற்று. பெயர்ப்பலகையைக் கழற்றினார்கள். டீச்சருக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில் அதே பதவி, அதே சம்பளம், இன்னும் காற்றோட்டமான அறை. பிள்ளைகளில் சிலர் மஞ்சள் வேனில் ஏறினார்கள், சிலரை அந்தப் பக்கம் சேர்த்தார்கள். சில்லுவை எதிலும் சேர்க்கவில்லை என்று சின்ன வாத்தியார் சொன்னார். அன்றைக்கு மாலையே டீச்சர் அந்த வருஷ நுழைவுத் தேர்வின் கேள்வித்தாளைப் பையில் வைத்துக்கொண்டு இஸ்திரிக் கடைக்குப் போனார்.

அம்மா தேய்த்துக்கொண்டிருந்தாள். சில்லு தகர டப்பாவிலிருந்து தண்ணீரை விரலால் எடுத்துத் துணிகள்மேல் தெளித்துக்கொண்டிருந்தாள்.

“ஏன் இன்னும் சேர்க்கலை?” என்றார் டீச்சர்.

“ரெண்டு பஸ் மாறணும் டீச்சர். கெட்டிக்காரப் பிள்ளைன்னா எவ்வளவு அலைஞ்சாலும் தகும். இவளுக்குப் படிப்பு சுமார்தானே, ரிசல்ட்டுலயே தெரிஞ்சு போச்சு. கூட இருந்து தொழிலைக் கத்துக்கட்டும்.”

டீச்சர் நின்றபடியே சொன்னார். இந்த முறை செருப்பைப் பார்க்கவில்லை.

“நான் அன்னைக்குச் சொன்னது பொய்ம்மா. என் சர்வீஸ்லயே இவ மாதிரி ஒரு பிள்ளையை நான் பார்த்ததில்லை. எழுதியிருந்தா முதல் சீட்டே இவளுக்குத்தான். இவ இங்கேயே பரீட்சை எழுதினா பள்ளிக்கூடம் தப்பிக்கும்னு நினைச்சேன். அதுக்காகத்தான் அப்படிச் சொன்னேன். நான் பண்ணினது பாவம்.”

இஸ்திரிப் பெட்டி சட்டைமேல் அப்படியே நின்றது. லேசாகத் தீய்ந்த வாடை வந்த பிறகுதான் அம்மா அதைத் தூக்கினாள். டீச்சர் வசவுக்குக் காத்திருந்தார். அதுதான் நியாயம், அது வந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம் என்றிருந்தது. அம்மாவின் கண் கலங்கியிருந்தது.

“பிள்ளை மனசு உடைஞ்சு கிடக்குன்னு, பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கறீங்களே டீச்சர். உங்களைப் பத்தி எங்களுக்குத் தெரியாதா? ஒரு பிள்ளைக்காவது நீங்க குறைச்சுச் சொல்லியிருக்கீங்களா?”

“இல்லம்மா, நிஜமாத்தான்…”

“விடுங்க டீச்சர். நாங்க வருத்தப்படலை.”

டீச்சர் அவளை விட்டுவிட்டுச் சில்லுவிடம் திரும்பினார். பையிலிருந்து கேள்வித்தாளை எடுத்தார்.

“இங்க பாரு கண்ணு. இந்த வருஷம் விடுதிப் பள்ளித் தேர்வுல கடைசியா வந்த கணக்கு இது. எழுதின முக்கால்வாசிப் பேருக்கு வரவே இல்லை. ஒரு குழாய் தண்ணித் தொட்டியை நாலு மணி நேரத்துல நிரப்பும். அடியில ஒரு ஓட்டை, அது நிரம்பின தொட்டியைப் பன்னிரண்டு மணி நேரத்துல காலி பண்ணிடும். ஓட்டை திறந்திருக்கும்போதே குழாயையும் திறந்து விட்டா, தொட்டி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகும்?”

சில்லு தண்ணீர் தெளிப்பதை நிறுத்தவில்லை. ஒரு சட்டை முடிந்தது, அதைச் சுருட்டி ஓரமாக வைத்தாள்.

“ஆறு மணி நேரம்.”

“பார்த்தியா? பார்த்தியா, பேப்பர்கூட இல்லாம!” டீச்சருக்குக் குரல் உடைந்துவிட்டது. “இப்பவாவது நம்பறியா?”

சில்லு அவரை நிமிர்ந்து பார்த்தாள். நோயாளியைப் பார்க்க வந்தவர்களே அழுதால், நோயாளி அவர்களைத் தேற்றுகிற மாதிரி சிரித்தாள்.

“எனக்கு வர்ற மாதிரி லேசான கணக்காத் தேடி எடுத்துட்டு வந்திருக்கீங்க டீச்சர்” என்றாள்.